திருப்பித் தைத்த கோட்டு

ஆல்பர்ட்டா, கனடா
11 மார்ச் 1979

அன்புத் தம்பி ஐகிலுக்கு,

நீயும் யுட்டாவும் இருமல், சளி இல்லாமல் இருக்கிறீர்களா? என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. "உன் தம்பிக்கு நான் கேட்டதா ரெண்டு வார்த்தை எழுது" என்று உன் மச்சான் ஆக்செல் சொன்னார். என்ன வார்த்தை என்று கேட்பதற்குள் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். நீயே இரண்டு வார்த்தை போட்டுப் படித்துக்கொள்.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். பனியில் சாலை மூடிப்போய், அம்மாவின் சவப்பெட்டி கோவிலிலேயே காத்துக் கிடந்தது என்ற இடத்துக்கு வரும்போதெல்லாம் அழுகை வந்தது. பனி அள்ளும் வண்டியும் வரவில்லை, பெற்ற மகளும் வரவில்லை.

அம்மா குடியிருந்த வீட்டின் சாவியை வீட்டுக்காரர் கேட்கிறார் என்று எழுதியிருந்தாய். வெள்ளிக் கரண்டிகளை அம்மாவின் மருமகள் யுட்டா வைத்துக்கொள்ளட்டும். சுவர்க் கடிகாரம் உனக்கு. எனக்கு ஒன்றே ஒன்று போதும்: அம்மாவின் பழுப்புக் கோட்டு.

அது அப்படி ஆன கதை உனக்கு நினைவிருக்காது, நீ சின்னவன். கோவிலில் எனக்குத் திடப்படுத்தல் சடங்கு நடப்பதற்கு முந்தைய குளிர்காலம். கோட்டின் வெளிப்பக்கம் நூல் நூலாகத் தேய்ந்திருந்தது. அம்மா தையல் முழுவதையும் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, சமையலறை மேசையில் வைத்துத் தைத்தாள். பக்கம் மாறியதில் பொத்தான்கள் ஆண்கள் கோட்டு போல வலப்புறம் போய்விட்டன. இடது அக்குளில் துணி போதாமல் பழைய சோபா உறையிலிருந்து ஒரு பச்சைத் துண்டை வெட்டி வைத்தாள். அதற்கு முன்பே, அப்பா கடலோடு போன பிறகு, ஊர்ச்சபை ஆள் ஏழை உதவித் தாளோடு வந்து, "ஒரு கையெழுத்துப் போடு மாரென், பிள்ளைங்களுக்குத் துணிமணி கெடைக்கும்" என்றான். அம்மா அவனுக்குக் காபி கொடுத்தாள், கையெழுத்துக் கொடுக்கவில்லை. அவன் போன பிறகு, "ஊர்ச்சோறு மட்டும் வேண்டாம்டி" என்றாள். ஊர்ச்சோற்றில் இருப்பவர்களை அடைத்து வைக்கும் ஏழைவிடுதியின் வாசல் வந்தால் சாலையின் எதிர்ச்சாரிக்கு மாறி நடப்பாளே, அது உனக்கும் நினைவிருக்கும்.

அந்தக் கோட்டை இங்கே தோளில் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும் போலிருக்கிறது. கப்பலில் அனுப்பு, அவசரமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
ஆஸ்தா

*

ஓடென்ஸ்
2 ஏப்ரல் 1979

அன்புள்ள ஐகில் அவர்களுக்கு,

இங்கே மகள் வீட்டில் பேரன்கள் கொடுத்த ஜலதோஷத்தோடு எழுதுகிறேன். உங்கள் முதுகு எப்படி? மே மாதம் நம் ஊர் அருங்காட்சியகம் திறக்கும்போது நீங்கள் நிமிர்ந்து நிற்க வேண்டும். பால் பண்ணை இரைச்சலில் கத்திப் பழகிய குரல் உங்களுடையது. ஞாயிறு மதியக் கூட்டத்துக்குச் சுற்றிக்காட்ட வேறு ஆள் நான் பார்ப்பதாக இல்லை.

ஒரு சந்தோஷச் செய்தி. போன மாதம் நம் அருங்காட்சியக வாசலில் யாரோ ஒரு மூட்டையை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பெயர் இல்லை, சீட்டு இல்லை. பிரித்தால் உள்ளே ஒரு பெண்ணின் பழுப்புக் கோட்டு! பொத்தான்கள் ஆண்கள் பக்கம், அக்குளில் பச்சை ஒட்டு. நம் ஊரில் ஒரு கரண்டியைக் கொடுத்தால்கூடப் பெயர் போடச் சொல்வார்கள். பெயரில்லாமல் ஒன்று வருகிறதென்றால் அது நம் கட்டடத்தையே சேர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும். அது ஏழைவிடுதியாக இருந்த காலத்தில், கையில் அகப்பட்ட துணியை அங்கே கிடந்த யாரோ ஒருத்திக்கு மாட்டிவிட்டிருக்கிறார்கள்.

ஏழைவிடுதி வாழ்க்கையைக் காட்டும் கடைசி அறையில் நிற்கிற பெண் பொம்மைக்கு அதைப் போட்டுவிட்டுத்தான் ஊரிலிருந்து கிளம்பினேன். நீங்கள் அவள் பக்கத்தில் நின்று பேசினால் கல் நெஞ்சும் கரையும்.

யுட்டாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

தங்கள்,
இங்கெபோர் தம்கோர்

*

ஸ்கார்விக்
9 ஏப்ரல் 1979

மதிப்புக்குரிய தம்கோர் டீச்சருக்கு,

முதுகு பரவாயில்லை. உங்கள் ஜலதோஷத்துக்குச் சூடாக எல்டர் பூச் சாறு குடிக்கச் சொல்கிறாள் யுட்டா.

கோட்டு விஷயம். எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், அதை அவசரப்பட்டு ஏழைவிடுதிக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நம்மிடம் வருகிற ஜனங்களை உங்களுக்குத் தெரியும். பொருளைப் பார்ப்பதற்கு முன்னால் குனிந்து அட்டையில் 'கொடுத்தவர்' என்ற வரியைத்தான் படிப்பார்கள். வெள்ளிக் காபிச் சொம்புக்குக் கீழே பெயர் இருந்தால் பெருமை. ஒட்டுப்போட்ட கோட்டுக்குக் கீழே யார் தன் பெயரைத் தொங்கவிடுவான்? வைத்தவனுக்கு வெட்கமாக இருந்திருக்கும், அவ்வளவுதான். வேலை செய்து, யாரிடமும் கை நீட்டாமல் பிழைத்த ஒரு பெண்ணின் கோட்டாகவும் அது இருக்கலாம் அல்லவா?

பொம்மைக்கு வேறு ஏதாவது போட முடியுமா பாருங்கள். யுட்டாவிடம் ஒரு பழைய சால்வை இருக்கிறது.

தங்கள்,
ஐகில்

*

ஓடென்ஸ்
17 ஏப்ரல் 1979

அன்புள்ள ஐகில் அவர்களுக்கு,

ஜலதோஷம் போய்விட்டது, சாறா, வெயிலா என்று தெரியவில்லை.

சால்வை வேண்டாம். கோட்டு யாருடையது என்று தெரிந்தவர் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். அன்றைக்கே என் கையால் பெயர் எழுதி மாட்டுகிறேன், பொம்மையையும் வேறு அறைக்கு மாற்றுகிறேன். ஊரில் உங்களுக்குத் தெரியாத ஆள் கிடையாதே. உங்களுக்கு யாரையாவது தோன்றுகிறதா? தோன்றினால் மறைக்காமல் எழுதுங்கள்.

தங்கள்,
இங்கெபோர் தம்கோர்

*

ஸ்கார்விக்
20 மே 1979

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. முதுகுவலி ஒரு பக்கம், தோட்ட வேலை ஒரு பக்கம். நாங்கள் இருவரும் சுகம். மச்சானுக்கு மாட்டுக் கொட்டகை வேலை இன்னுமா ஓயவில்லை?

உன் கடிதம் வருவதற்கு முன்பே அம்மாவின் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டேன். பாதிச் சாமான் கோவில் பழம்பொருள் சந்தைக்குப் போனது. சுவர்க் கடிகாரம் இங்கே ஓடுகிறது, எங்கள் வீட்டு நேரத்தோடு ஒத்துப்போக மாட்டேன் என்கிறது.

கோட்டைப் பற்றிக் கவலைப்படாதே. ஈரம் படாத, பூச்சி வராத இடத்தில் இருக்கிறது. என் வீட்டில் இருந்தால்கூட அதற்கு இந்தக் கவனிப்பு கிடைக்காது. கப்பலில் அனுப்பினால் கசங்கிவிடும், பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அருங்காட்சியகத்தில் சுற்றிக்காட்டுகிறேன். பழைய ஏழைவிடுதிக் கட்டடம்தான். பொழுது போகிறது.

இந்த வருடம் தோட்டத்தில் ருபார்ப் தண்டு நன்றாக வந்திருக்கிறது. யுட்டா ஜாம் போடுகிறாள்.

உன் தம்பி,
ஐகில்

*

ஆல்பர்ட்டா
30 செப்டம்பர் 1979

அன்புத் தம்பி ஐகிலுக்கு,

முதுகுக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொள்கிறாயா? எங்களுக்குக் கோதுமை அறுப்பு முடிந்தது. ஆக்செல் இப்போது நின்றுகொண்டே தூங்குகிறார்.

நம் ஊர்ப் பத்திரிகை எனக்குக் கப்பலில் மூட்டை மூட்டையாக வருகிறது என்பது உனக்குத் தெரியுமே. செய்தி பழசானால் என்ன, மாட்டு விலை வரை ஒரு வரி விடாமல் படிக்கிறேன். ஜூலை இதழில் உன்னைப் பார்த்தேன். என் தம்பி பெரிய ஆளாகிவிட்டான்! "ஐகில் சொல்லும் சிட்செலின் கதையைக் கேட்டுப் பலரும் கண் துடைத்தார்கள்" என்று போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் பொம்மையின் படம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். அவளுக்குக் கோட்டு நன்றாகப் பொருந்தியிருக்கிறது.

இந்த சிட்செல் யார்? ஏழைவிடுதியில் சிட்செல் என்று ஒருத்தி இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. நீ என்னைவிட விவரமானவன், உனக்குத் தெரிந்திருக்கும்.

அம்மாவின் கோட்டு எந்த வீட்டில், எந்த அலமாரியில் இருக்கிறது? ஒரு வரி எழுது, போதும்.

யுட்டாவிடம் ஜாம் பக்குவம் கேட்டதாகச் சொல். குளிருக்கு முன்னால் உடம்பைத் தேற்றிக்கொள்.

உன் அக்கா,
ஆஸ்தா

*

ஸ்கார்விக்
9 டிசம்பர் 1979

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும்,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். குளிர் இன்னும் கடுமையாகவில்லை, எங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஜாமுக்கு ஒரு பங்கு ருபார்ப், அரைப் பங்கு சர்க்கரை, கொஞ்சம் வெனிலா. பன்றி விலை இறங்கிவிட்டது, பண்ணைக்காரர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறார்கள். கடலோரச் சாலையை அகலப்படுத்துகிறார்கள். பழைய மீன் கிடங்கை இடித்தாயிற்று. சுவர்க் கடிகாரத்துக்கு எண்ணெய் விட்டேன். பக்கத்து வீட்டு நாய் செத்துப்போனது, இப்போது அவர்கள் இரண்டு நாய் வளர்க்கிறார்கள்.

பத்திரிகைக்காரர்கள் எழுதுவதை எல்லாம் நம்பாதே. யாரோ ஒருத்தி, "அந்தப் பொம்மைக்குப் பேர் இல்லையா?" என்று கேட்டாள். வாயில் வந்த பெயரைச் சொன்னேன். பெயர் சொன்னால் கதை கேட்கிறார்கள். கதை சொன்னால் அடுத்த வாரம் ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள்.

யுட்டா பாதாம் அரைத்துச் செய்த மார்சிபான் மிட்டாய் தனியாக வருகிறது. பத்திரமாகச் சேர்ந்ததா என்று எழுது.

உன் தம்பி,
ஐகில்

*

ஆல்பர்ட்டா
17 பிப்ரவரி 1980

அன்புத் தம்பிக்கு,

மார்சிபான் வந்து சேர்ந்தது. பாதியை ஆக்செல் தூங்காமல் உட்கார்ந்து தின்றார். எங்களுக்குச் சுகத்துக்குக் குறைவில்லை.

உன் கடிதத்தில் பன்றி இருக்கிறது, நாய் இருக்கிறது, சாலை இருக்கிறது. நான் கேட்டது மட்டும் இல்லை.

ஜூன் மாதம் நான் வருகிறேன். பத்தொன்பதாம் தேதி, வியாழக்கிழமை ரயிலில் வந்து இறங்குவேன். ஆக்செல் வரவில்லை, மாடுகளை யார் பார்ப்பது? அம்மாவின் கல்லறைக்குப் போக வேண்டும்.

நான் வருவதற்குள் உனக்கு என்னிடம் சொல்ல ஏதாவது இருந்தால் எழுதிவிடு. திட்டமாட்டேன். சின்ன வயதில் திட்டியதோடு என் பங்கு தீர்ந்துவிட்டது.

உன் அக்கா,
ஆஸ்தா

*

ஸ்கார்விக்
10 மார்ச் 1980

மதிப்புக்குரிய தம்கோர் டீச்சருக்கு,

நீங்களும் மகள் வீட்டாரும் சுகம்தானே? இங்கே பனி உருக ஆரம்பித்துவிட்டது.

நேற்று ஜன்னல்களைப் பார்க்க அருங்காட்சியகத்துக்குப் போனேன். பொம்மையின் கோட்டில் பூச்சி அரித்திருக்கிறதோ என்று சந்தேகம். ஜூன் நடுவில் இரண்டு வாரம் அதை எங்கள் வீட்டுக்கு எடுத்துப்போய் வெயிலில் போட்டு எடுத்துவரட்டுமா? யுட்டாவுக்கு அதில் நல்ல பழக்கம்.

தங்கள்,
ஐகில்

*

(அஞ்சலட்டை)
ஓடென்ஸ்
14 மார்ச் 1980

ஐகில், நாங்கள் சுகம். பூச்சி இருக்க வாய்ப்பே இல்லை, நானே மருந்து வைத்திருக்கிறேன். ஜூனில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் வருவார்கள், சிட்செல் கோட்டில்லாமல் நிற்பதா? அவளைத் தொடாதீர்கள்! இ.த.

*

ஸ்கார்விக்
11 மே 1980

அன்புள்ள அக்காவுக்கு,

நீ வருகிறாய் என்றதிலிருந்து யுட்டா சுவர் சுவராகத் துடைக்கிறாள். உன் முழங்காலுக்காகக் கீழ் அறையைத் தயார் செய்திருக்கிறோம். ரயிலடிக்கு நான் வருவேன். உன்னை வரவேற்க வீட்டு வாசலில் கொடி ஏற்றி வைப்பேன். விலாங்கு மீன் சொல்லி வைத்திருக்கிறேன், புதுசாக வரும்.

உனக்கு ஒன்று எழுத வேண்டும் என்று இரண்டு மூன்று தடவை உட்கார்ந்தேன். எழுதுவதற்கு அது ஒத்துவரவில்லை. நேரில் காபி குடித்துக்கொண்டே பேசிக்கொள்ளலாம்.

அருங்காட்சியகத்தைப் பார்க்க ஆசைப்படுவாய் என்று தெரியும். ஆனால் நீ இருக்கும் நாட்களில் கூரை வேலை நடப்பதால் அதை மூடியிருப்பார்கள். உள்ளே பார்க்கவும் பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரே தூசி. நாம் கடலோரம் போய் வரலாம்.

பயணத்துக்குச் சூடான உடுப்பு எடுத்துக்கொள்.

உன் தம்பி,
ஐகில்

*

ஸ்கார்விக், துறைமுக விடுதி
8 ஜூன் 1980, ஞாயிறு மாலை

ஐகிலுக்கு,

எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. உன் முதுகும் தேவலையாக இருக்கிறது, இன்றைக்கு மதியம் பார்த்தேன்.

டிக்கெட்டை முன்தேதிக்கு மாற்றிக்கொண்டு வந்தேன். அருங்காட்சியகத்தில் கூரை வேலை எதுவும் நடக்கவில்லை. கூட்டம் நிறைய இருந்தது, ஒரு பஸ் நிறைய வெளியூர்க்காரர்கள். அவர்களோடு சேர்ந்து உள்ளே வந்தேன். பச்சைத் தலைத்துணி கட்டிக்கொண்டு கதவோரம் நின்ற கிழவி நான்தான். நீ என்னைப் பார்க்கவில்லை. நீ யாரையுமே பார்க்கவில்லை. கலப்பை, வெண்ணெய்ப் பீப்பாய், மீன் வலை என்று எல்லாவற்றுக்கும் ஜனங்களின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கச் சிரிக்கப் பேசினாய். கடைசி அறைக்கு வந்ததும் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தாய்.

"இவதாங்க நம்ம சிட்செல். பொத்தான் எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க. எவனோ போட்டுக் கழிச்ச கோட்டு. ஊர்ல குடுத்தாங்க, இவ மாட்டிக்கிட்டா. வேற என்ன பண்ணுவா பாவம்!"

முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். ஒருத்தி, "ஐயோ, அந்தப் பச்சை ஒட்டைப் பாரேன்" என்று பக்கத்துக்காரியின் கையைத் தட்டினாள். அம்மா அந்தத் துண்டை வெட்டியபோது விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்.

நான் கேட்டேன், "அந்த அம்மாவுக்குப் பிள்ளைங்க யாரும் இல்லையா?"

நீ ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. "இல்லீங்க. இருந்திருந்தா இங்க வந்திருப்பாளா?"

போன வருடம் ஜூலைப் பத்திரிகையைப் பார்த்த அன்றே எனக்குத் தெரியும் ஐகில். பொத்தான்களைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மூட்டையை வாசலில் வைத்தது யார் என்று யாரையும் கேட்கவும் தேவையில்லை, அது உன் கையில்தான் இருந்தது. கோவில் சந்தையில் வைத்தால் மாரென் வீட்டுக் கோட்டு என்று ஊர் அடையாளம் கண்டுகொள்ளும் என்று பயந்திருப்பாய். அதுகூட எனக்குப் புரிந்தது. நீயே சொல்லட்டும் என்றுதான் ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டேன். பெயர் போட வெட்கப்பட்டாயே, அந்த வெட்கம்தான் அம்மாவைக் கொண்டுபோய் அந்தக் கட்டடத்துக்குள் நிறுத்தியது. உயிரோடு இருந்தவரை அந்த வாசலை மிதிக்காதவள் அவள். ஊர்ச்சோறு வேண்டாம் என்று தைத்த கோட்டைக் காட்டி, ஊர் கொடுத்தது என்று வாராவாரம் சொல்கிறாய்.

உன்னைத் திட்ட மாட்டேன் என்று எழுதியிருந்தேன். திட்டவும் எனக்கு யோக்கியதை இல்லை. நீ "இல்லீங்க" என்று சொன்னபோது, "இருக்காங்க, நான் இருக்கேன்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த பஸ்காரர்களில் ஒருவருக்கும் என்னைத் தெரியாது. நாளைக்கு அவர்களை நான் பார்க்கப் போவதும் இல்லை. அப்படி இருந்தும், அந்த ஒட்டைப் பார்த்துச் சிரித்த பெண்கள் திரும்பி என்னைப் பார்ப்பார்களே என்று நினைத்தேன், சத்தம் வரவில்லை. அவர்களோடு சேர்ந்து வெளியே வந்து, சாலையைக் கடந்து எதிர்ச்சாரியில் போய் நின்றுகொண்டேன். கோட்டைக் கேட்டுக் கடல் தாண்டி வந்தவள், அதைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு என்னுடையது என்று சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது ஐகில்.

கோட்டு இனி எனக்கு வேண்டாம். அது இங்கேயே இருக்கட்டும், ஆனால் அந்த அறையில் அல்ல. கீழே தொங்கும் அட்டையில் மாரென் தன் கையால் திருப்பித் தைத்தது என்று இருக்க வேண்டும். கொடுத்தவர் என்ற இடத்தில் நம் இரண்டு பேர் பெயரும் இருக்க வேண்டும். ஊர் குனிந்து படிக்கட்டும். இதை நான் போய் டீச்சரிடம் சொல்லப் போவதில்லை. நீ சொல்.

பத்தொன்பதாம் தேதிக்கு முன்னால் உன் வீட்டுக்கு வரமாட்டேன். ரயிலடிக்கும் நீ வர வேண்டாம், விலாங்கு மீனையும் கொடியையும் வைத்துக்கொண்டு காத்திரு. அதற்கு முன் வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அருங்காட்சியகத்துக்கு வருகிறேன். இந்தத் தடவை முன்வரிசையில் நிற்பேன், தலைத்துணி இல்லாமல். நீ கடைசி அறைக்கு வந்ததும் அதே கேள்வியைக் கேட்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். குரலையும் பார்த்துக்கொள், அன்றைக்கு நம் இருவருக்கும் அது வேண்டியிருக்கும்.

உன் அக்கா,
மாரெனின் மகள் ஆஸ்தா